அறிந்தவர் பலர், அறிவித்தவர் எவர்?

2024ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி கன்ரபரிப் பேராயர் ஜஸ்ரின் வெல்பி தமது பதவியைத் துறப்பதாக அறிவித்தார். தாமே ஒரு கொடுமையைச் செய்தார் என்று எவரும் அவரைக் குற்றஞ்சாட்டவில்லை. பிறரொருவர் செய்த கொடுமை தம் காதுக்கு எட்டிய பின்னர், அது உரிய இடத்தில் உரிய முறையில் அறிவிக்கப்பட்டதா என்பதை உறுதிசெய்யத் தவறினார் என்பதே அவர்மீது விழுந்த பழி. ஐந்து நாட்களின் முன்னர் கீத் மேக்கின் என்பார் தயாரித்த விசாரணை அறிக்கை வெளியாகியிருந்தது. 250 பக்கங்களுக்கு மேற்பட்ட அவ்வறிக்கையைப் படிப்போரை வியக்கச் செய்வது, கொடியவன் ஒருவன் இருந்தான் என்பதன்று. அவனைப் பற்றி அறிந்தோர் எத்துணைப் பேர் இருந்தனர் என்பதே.

பத்திரிகைகள் பதவி துறந்தவரைப் பற்றி எழுதின. 2025 ஒக்டோபரில் அப்பதவிக்கு முதன்முறையாகப் பெண்ணொருவர், சேரா முலாலி அம்மையார், பெயர் குறிக்கப்பட்டபொழுது அவரைப் பற்றியும் எழுதின. பேராயர் போவதும் வருவதும் செய்திதான். ஆயின் நான் இங்கு ஆராய முற்படுவது அதனினும் பழைய ஒரு கேள்வி. கல்வியும் ஒழுக்கமும் இறைபக்தியும் வாய்ந்த மனிதர், சிறுவர்கள் வதைக்கப்படுவதை அறிந்த பின்னரும், அதனை அறிவிக்கவேண்டிய இடத்தில் அறிவியாது விடுவது எங்ஙனம் நேர்கிறது?

இது எங்கோ ஒரு தேசத்தின் கதை என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. இலங்கைத் திருச்சபை என வழங்கும் நம் நாட்டு அங்கிலிக்கன் சபையின் கொழும்பு, குருநாகல் ஆகிய இரு மறைமாவட்டங்களும் நெடுங்காலமாகக் கன்ரபரிப் பேராயரையே தலைமைப் பேராயராகக் கொண்டிருந்து வந்தவை. அதனினும் மேலாக, இக்கதையில் வரும் சிறுவர் பாடசாலை மாணவர். ஆசிரியர்களே மிகுதியாக வாசிக்கும் இப்பகுதியில் இவ்விடயத்தை எடுத்துப் பேசுவதற்கு அதுவொன்றே போதும்.

முகாமும் மனிதரும்

1930களில் இங்கிலாந்தில், உயர்குடியினர் பயிலும் விடுதிப் பாடசாலைகளின் மாணவர்களுக்கென விடுமுறைக்கால வேதாகம முகாம்கள் தொடங்கப்பட்டன. டோர்செற் மாகாணத்தின் யூவேர்ன் மின்ஸ்ரர் என்னும் கிராமத்தில் நடைபெற்றமையால் அவை யூவேர்ன் முகாம்கள் எனப் பெயர் பெற்றன. நாளைய தலைவர்களை இன்றே சமயப்பற்று உடையவர்களாக ஆக்கிவிட்டால் நாடு தானே திருந்தும் என்பது அவற்றை நிறுவியோர் எண்ணம். அத்தியட்சர்களாகவும் குருமாராகவும் பின்னாளில் விளங்கிய பலர் அம்முகாம்களில் உருவானவர்கள். வெல்பி அவர்களும் இளமையில் அங்குத் தொண்டாற்றியவரே.

1970களின் நடுப்பகுதியில் இம்முகாம்களை நடத்திய நம்பிக்கைப் பொறுப்புச் சபையின் தலைவராக ஜோன் ஸ்மைத் என்னும் வழக்கறிஞர் விளங்கினார். அவர் குருவானவர் அல்லர். ஆயினும் சபையில் பிரசங்கம் செய்யும் உரிமை பெற்ற பொதுநிலையினர். நீதிமன்றத்திலும் பெயர் பெற்றவர். 1977இல் மேரி வைற்ஹவுஸ் அம்மையார் தெய்வநிந்தனை என்று ஒரு பத்திரிகைமீது தொடுத்த வழக்கில் அவருக்காக வாதாடி வென்றவர் இவரே. நாட்டின் ஒழுக்கத்தைக் காக்க முன்வந்தவர் என்று அக்காலத்தில் பலர் இவரைப் போற்றினர்.

இம்மனிதர் வின்செஸ்ரர் நகரின் அருகே இருந்த தமது வீட்டுத் தோட்டத்தில் ஒரு கொட்டிலை அமைத்து, ஓசை வெளியே செல்லாதவாறு அதனை அடைத்து, பாடசாலை மாணவர்களையும் இளைஞர்களையும் அங்கு வரவழைத்துப் பிரம்பினால் அடித்தார். பாவத்துக்குப் பரிகாரம் என்றார். வேதவாக்கியங்களைத் துணைக்கு அழைத்தார். அடிபட்டோர் பலர் இரத்தம் சிந்தினர். பரிசுத்தத்தை அடையும் வழி இதுவே என நம்பவைக்கப்பட்டமையால், தாம் வதைக்கப்படுகின்றோம் என்பதையே அவர்களிற் பலர் அப்பொழுது உணர்ந்தாரல்லர்.

ஓர் அறிக்கை, சில கைகள்

1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இக்கொடுமை வெளிப்பட்டது. பாதிக்கப்பட்ட இளைஞன் ஒருவன் தன் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றதே அதற்குக் காரணமாயிற்று. கேம்பிரிட்ஜ் நகரில் பணியாற்றிய மார்க் ரஸ்ரன் என்னும் குருவானவர் பலரையும் விசாரித்து மார்ச் மாதத்தில் ஓர் அறிக்கை எழுதினார். 22 இளைஞர் அதில் இடம்பெற்றனர். எத்தனை அடிகள், எத்தனை ஆண்டுகள் என்னும் கணக்குகளும் இடம்பெற்றன. இவற்றுக்கெல்லாம் மேலான ஒன்றும் அவ்வறிக்கையில் உண்டு. நடந்தவை யாவும் 1861ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றங்கள் என்பதை எழுதியவரே அதில் குறிப்பிட்டிருக்கிறார்.

குற்றம் என்று தெரிந்தே எழுதினர். எழுதியதை அந்தரங்கமாக ஒரு சிலருக்குள் சுற்றுக்கு விட்டனர். பொலிஸாருக்கு அது போகவில்லை. மாணவர் சிலர் பயின்ற புகழ்பெற்ற பாடசாலையின் அதிபருக்கும் செய்தி எட்டியது. இனி இப்பாடசாலை வாசலை மிதிப்பதில்லை என்று ஸ்மைத்திடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டதோடு அவரும் அமைந்தார். பிள்ளைகள் மேலும் துன்புறலாகாது என்று பெற்றோர் சிலரும் பொலிஸிடம் போவதை விரும்பவில்லை எனப் பிற்காலத்தில் அப்பாடசாலை கூறிற்று.

இங்கு நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அவ்வறிக்கையை வாசித்தோர் கல்நெஞ்சர் அல்லர். கண்டதை வெறுத்தனர், ஸ்மைத்தை முகாம்களிலிருந்து அகற்றினர். தம் வீட்டில் பாம்பைக் கண்டவன் அதனைத் துரத்திவிட்டுக் கதவை மூடிக்கொள்வதைப் போன்றது அவர்கள் செய்கை. பாம்பு அயல்வீட்டுக்குப் போயிற்று.

அயல்வீடு

அந்த அயல்வீடு ஆபிரிக்கா. 1984இல் ஸ்மைத் குடும்பத்தோடு சிம்பாப்வே சென்றார். அங்கும் ஒரு சமய நிறுவனத்தை ஏற்படுத்தினார், அங்கும் சிறுவர் முகாம்களை நடத்தினார், அங்கும் அடித்தார். 1992 டிசம்பரில் அவரது முகாமொன்றில் 16 வயதுச் சிறுவனொருவன் நீச்சற் குளத்தில் இறந்து கிடந்தான்.

இக்கதையில் முதன்முதல் வேறுவிதமாக நடந்துகொண்டோர் அந்நாட்டவரே. புலவாயோ நகரின் சபைத் தலைவர்கள் தமக்கு எட்டிய செய்திகளை டேவிட் கோல்ட்டார்ட் என்னும் சட்டத்தரணியிடம் ஒப்படைத்தனர். பின்னாளில் அந்நாட்டின் கல்வியமைச்சராக விளங்கியவர் அவர். தீர விசாரித்து 1993இல் அவர் எழுதிய அறிக்கை, முகாம்களில் நிகழ்ந்தவற்றை ஒளிவுமறைவின்றி எடுத்துக்கூறிற்று. ஸ்மைத்மீது வழக்கும் தொடரப்பட்டது. ஆயின் அது இடைநடுவில் முறிந்தது. பின்னர் அவர் தென்னாபிரிக்காவுக்குப் பெயர்ந்தார்.

மேக்கின் அறிக்கையின் கணக்குப்படி பாதிக்கப்பட்டோர் 115 பேருக்குக் குறையார். அவர்களுள் இங்கிலாந்தில் வதைக்கப்பட்டோர் ஏறத்தாழ 30 பேர். ஆபிரிக்காவில் ஏறத்தாழ 85 பேர். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1982இல் அறிந்த சிலர் அன்றே அறிவித்திருப்பின், இரண்டாவது எண்ணே தோன்றியிராது என்று எண்ணுவதற்கு இடமுண்டு. மௌனத்துக்கு விலை கொடுத்தவர்கள் அதனைக் கடைப்பிடித்தவர்கள் அல்லர். அவர்கள் ஒருபோதும் கண்டிராத, வேறொரு கண்டத்துச் சிறுவர்கள். ஒரு தேசத்தின் உயர்குடிப் பிள்ளைகளின் மானத்தைக் காக்கவும், ஒரு முகாமின் பெயரைக் காக்கவும் பேணப்பட்ட இரகசியம், கறுப்பினச் சிறுவரும் பயின்ற முகாம்களின் வாசலை அம்மனிதருக்குத் திறந்துவிட்டது. குடியேற்ற நாடாயிருந்த நமக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

'யாரோ சொல்லியிருப்பர்'

2013இல் கதை மறுபடியும் எழுந்தது. பாதிக்கப்பட்ட ஒருவர் வாய்திறந்தார். அவ்வாண்டு ஜூலை மாதம் முதலே இங்கிலாந்துத் திருச்சபையின் மிக உயர்ந்த மட்டத்தில் இவ்விடயம் தெரிந்திருந்தது என்பது மேக்கினின் முடிவு. பொலிஸாரோடு தொடர்பு கொள்ளப்பட்டது. தென்னாபிரிக்காவுக்கு ஒரு கடிதம் போயிற்று. எனினும் முறையான, முழுமையான முறைப்பாடு எங்கும் பதியப்படவில்லை. பொலிஸாருக்கு அறிவிக்கப்பட்டுள்ளது என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும், உரிய முடிவு தொடருமெனத் தாம் தவறாக நம்பியதாகவும் வெல்பி தமது விலகற் கூற்றிற் குறிப்பிட்டார்.

2017 பெப்ரவரியில் சனல் 4 தொலைக்காட்சி இதனை உலகறியச் செய்தது. அதன் பின்னரே பொலிஸ் விசாரணை சூடு பிடித்தது. 2018 ஓகஸ்டில், விசாரணைக்கென இங்கிலாந்துக்கு வரும்படி கேட்கப்பட்டிருந்த நிலையில், ஸ்மைத் கேப்ரவுண் நகரில் 77 வயதில் இறந்தார். ஒரு நாள்தானும் அவர் இக்குற்றங்களுக்காக இங்கிலாந்தின் குற்றவாளிக் கூண்டில் நின்றாரல்லர்.

1982க்கும் 2013க்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. முன்னையது அறிந்து மறைத்தல். பின்னையது, அறிந்தும் 'யாரோ சொல்லியிருப்பர்' என்று அமைதல். பின்னையதே நம்மனோர்க்கு மிகுந்த ஆபத்தானது என்பது என் கருத்து. மறைப்பவன் தன் மனச்சாட்சியோடு சிறிதேனும் போராடவேண்டும். கடிதத்தை அடுத்த மேசைக்கு அனுப்பிவிட்டவனுக்கோ போராட்டமே இல்லை. கடமை முடிந்தது என்னும் நிறைவோடு அவன் உறங்கிவிடுகிறான். பத்து மேசைகளுக்கு ஒரு கடிதம் போயிற்று என்றால் பத்துப் பேர் அறிந்தனர் என்பதே பொருள். ஒருவர் செயற்பட்டார் என்பது பொருளன்று.

மௌனத்தின் நியாயங்கள்

மௌனம் காத்தோர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட நியாயங்கள் யாவை? முதலாவது, பணியின் நன்மை. 1982இல் உண்மையை அறிந்திருந்த குருவானவர் ஒருவர், இது வெளியானால் இறைவனின் பணிக்குப் பெருந்தீங்கு விளையும் எனத் தாம் கருதியதாகப் பின்னர் விசாரணையாளர்களிடம் தெரிவித்தார். இரண்டாவது, மன்னிப்பு. மனந்திரும்பியவனைத் தண்டிக்கலாமா என்பது சமயவாணரின் கேள்வி. மூன்றாவது, பாதிக்கப்பட்டவன்மீது கொண்ட இரக்கம். அவன் பெயர் வெளிப்பட்டால் அவன் எதிர்காலம் என்னாகும் என்பது பெற்றோரின் கவலை.

இம்மூன்றும் தம்மளவில் இழிந்த எண்ணங்கள் அல்ல. அதனாலேயே அவை வலிமை பெறுகின்றன. கெட்ட நோக்கத்துக்காக மௌனம் சாதிக்கும்படி நல்லவர்களைக் கேட்டால் அவர்கள் இணங்கார். நல்ல நோக்கத்துக்காகக் கேட்டால் இணங்குவர். ஆயின் இம்மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தால் குறை தெரியும். நிறுவனத்தின் பெயரும் இறைவனின் பணியும் ஒன்றல்ல. அடிபட்டவனே வழங்கவேண்டிய மன்னிப்பை, அடிபடாத ஒருவர் அவன் சார்பில் வழங்க முடியாது. வழங்கப்பட்ட மன்னிப்பும் அடுத்த சிறுவனைக் காக்காது. இரக்கமோ, இதுவரை பாதிக்கப்பட்டவனை மட்டும் கணக்கில் எடுத்து, இனிப் பாதிக்கப்படவிருப்பவனை மறந்துவிடுகிறது.

அதே திருச்சபையின் வரலாற்றிலேயே இதற்கு முன்னோடியும் உண்டு. குளஸ்ரர் அத்தியட்சராயிருந்த பீற்றர் போல் என்பவர் 1992இல் கைதுசெய்யப்பட்டபொழுது, அவரைப் பற்றிக் கவலை தெரிவித்துக் கன்ரபரிப் பேராயரின் இல்லத்துக்கு ஏழு கடிதங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று மாத்திரமே பொலிஸாரிடம் கொடுக்கப்பட்டது. அந்த அத்தியட்சர் சிறை சென்றது 2015இல். இந்த 22 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தாமதத்தை 2017இல் மொய்ரா கிப் அம்மையாரின் அறிக்கை ஆராய்ந்து, திருச்சபை உண்மையை மறைப்பதற்கு உடந்தையாயிருந்தது எனக் கண்டது.

சொல்லின் மறைவிடம்

இலக்கியம் பயில்வோர் கவனிக்கத்தக்க ஒன்றை அயர்லாந்து நமக்குத் தருகிறது. டப்ளின் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தில் 1975 முதல் 2004 வரை எழுந்த முறைப்பாடுகள் எங்ஙனம் கையாளப்பட்டன என்பதை ஆராய்ந்த மர்பி ஆணைக்குழு, 2009 நவம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது. இரகசியத்தைப் பேணல், அவதூறைத் தவிர்த்தல், திருச்சபையின் நற்பெயரைக் காத்தல், அதன் சொத்துக்களைக் காத்தல் என்பனவே அதிகாரிகளின் கவலைகளாக இருந்தன என்றது அவ்வறிக்கை. அதோடு 'மனத்துள் ஒதுக்கி வைத்தல்' என்னும் பழைய கோட்பாடொன்றையும் அது வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. பொய் சொல்லாமலே கேட்பவனைப் பொய்யை நம்பச் செய்யும் கலை அது. வாக்கியத்தின் ஒரு பாதியை வாயாற் சொல்லி, மறுபாதியை மனத்துள் முடித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

திருவள்ளுவரும் வாய்மைக்கு ஒரு நெகிழ்ச்சி தந்தார் அன்றோ என்று தமிழறிந்தார் வினவக்கூடும். உண்மைதான். பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்றார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார். ஆயின் அவர் விதித்த நிபந்தனையை நோக்குதல் வேண்டும். அவர் சொல்லை அளந்தது சொல்வோனின் வசதியால் அன்று. அது பிறர்க்கு விளைக்கும் பயனால். டப்ளினில் ஒதுக்கி வைக்கப்பட்ட பாதி வாக்கியமோ யாருக்கு நன்மை பயந்தது? எழுந்த தீங்கு யாரைச் சேர்ந்தது? வள்ளுவரின் தராசில் அது பொய்யினும் கீழானது.

சட்டம் சொல்வது

நல்ல மனிதரின் மனச்சாட்சியை மட்டும் நம்பியிருத்தல் போதாது என்பதை இவ்வரலாறுகள் உணர்த்தின. அறிவித்தலைச் சட்டக் கடமையாக்குதல் என்னும் எண்ணம் பல நாடுகளில் வலுப்பெற்றது. அயர்லாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2017 டிசம்பர் முதல் ஆசிரியர், மருத்துவர் முதலானோரோடு குருமாரும் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். அயல்நாடாகிய இந்தியாவில், பாலியற் குற்றங்களினின்று சிறுவரைக் காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் அறிவித்தல் வேண்டும் என்கிறது. தவறுவோர்க்குத் தண்டனையும் விதிக்கிறது. வத்திக்கானும் அசைந்தது. 2019 மே மாதத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட ஆணை, குருமாரும் துறவியரும் தாம் அறிந்ததை மேலிடத்துக்கு அறிவிக்கவேண்டுமெனப் பணித்தது. அவ்வாண்டு டிசம்பரில் இவ்வழக்குகளுக்கிருந்த பாப்பரசரின் இரகசியக் காப்பு நீக்கப்பட்டது. ஆயின் அவ்வாணை காட்டும் மேலிடம் திருச்சபையின் மேலிடமே. பொலிஸாரிடம் அறிவிப்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே அது விட்டுவிட்டது.

இங்கிலாந்திலோ, அலெக்சிஸ் ஜே அம்மையார் தலைமையிலான சுதந்திர விசாரணை 1940களுக்கும் 2018க்கும் இடையில் அங்கிலிக்கன் சபையோடு தொடர்புற்ற 390 பேர் சிறுவர்மீதான பாலியற் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டமையை எடுத்துக்காட்டியது. அறிவித்தல் கட்டாயமாக்கப்படல் வேண்டுமென 2022 ஒக்டோபரில் அது பரிந்துரைத்தது. 2025 பெப்ரவரியில் பாராளுமன்றத்துக்கு வந்த சட்டமூலத்தில் இக்கடமை இடம்பெற்றது; எனினும் பாலியற் குற்றங்களையே அது குறித்தது. சமயப் பயிற்சி என்ற போர்வையில் பிரம்பேந்தி வருபவனுக்கு அவ்வேலி எவ்வளவு தூரம் தடையாகும் என்பது சிந்தனைக்குரியது. அதே மாதத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவையும் கூடிற்று. சிறுவர் பாதுகாப்புப் பணியை முற்றாக வெளி நிறுவனமொன்றிடம் ஒப்படைப்பதா என்று வாதித்து, பாதியளவான ஏற்பாட்டையே அப்போதைக்கு ஏற்றது. தேசிய மட்ட அலுவலர் வெளியே போவர். மறைமாவட்ட அலுவலர் உள்ளேயே இருப்பர். பாதிக்கப்பட்டோர் பலர் இதனால் மனமுடைந்தனர்.

பாவசங்கீர்த்தனம்

எல்லாவற்றிலும் சிக்கலானது பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம். கத்தோலிக்கக் குரு ஒருவர் அவ்வருட்சாதனத்திற் கேட்டதை வெளியிட்டால் சபையினின்றே விலக்கப்படுவார். ஐக்கிய அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலம் 2025 மே மாதத்தில் இதற்கும் விலக்களியாது ஒரு சட்டத்தை இயற்றியது. ஆயர்கள் வழக்குத் தொடுத்தனர். ஜூலையில் நீதிமன்றம் சட்டத்தின் அப்பகுதிக்குத் தடை விதித்தது. ஒக்டோபரில் மாநில அரசு இணங்கி வந்தது. குருமார் அறிவிக்கக் கடமைப்பட்டவர்களே. பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் கேட்டது அக்கடமைக்கு வெளியே நிற்கும். மாறாக, அவுஸ்திரேலியாவில் 2017இல் நிறைவுற்ற அரச ஆணைக்குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, விக்ரோறியா, குயின்ஸ்லாந்து முதலிய மாநிலங்கள் அவ்விலக்கையும் நீக்கின.

இவ்வழக்கில் இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. எனினும் ஒன்று சொல்வேன். நான் மேலே எடுத்துக்காட்டிய எந்த வரலாற்றிலும் உண்மை முடங்கிக் கிடந்தது பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் அன்று. அது அறிக்கையாக எழுதப்பட்டிருந்தது, கடிதமாக வந்திருந்தது, மேசை இழுப்பறையில் இருந்தது. கூண்டைப் பற்றிய வாதம் வளர வளர இழுப்பறை மறந்துவிடப்படலாகாது.

பொய்ப் பழி பற்றி

குற்றமற்றவர்மீது பழி விழாதா என்று கேட்போர் உளர். நேர்மையான கேள்வி அது. 1958இல் மறைந்த ஜோர்ஜ் பெல் என்னும் சிசெஸ்ரர் அத்தியட்சர் மதிப்பு மிக்கவர். அவர்மீது எழுந்த ஒரு முறைப்பாட்டை 2015இல் திருச்சபை தானே ஏற்று, நட்டஈடு கொடுத்து, மன்னிப்பும் கோரிப் பகிரங்கப்படுத்தியது. 2017 டிசம்பரில் வெளியான கார்லைல் பிரபுவின் ஆய்வோ, திருச்சபை அவசரப்பட்டு, மறைந்தவருக்கு நியாயம் செய்யாது நடந்தது எனக் கண்டித்தது.

ஸ்மைத்தின் கதையும் பெல்லின் கதையும் எதிரெதிரானவை போலத் தோன்றும். ஒன்றில் திருச்சபை செய்தது மிகக் குறைவு. மற்றொன்றில் மிக அதிகம். ஆயினும் இரண்டின் வேரும் ஒன்றே. நிறுவனம் தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர்ந்தது. முறைப்பாடு தீர்ப்பன்று. அறிவிப்பவர் 'இவன் குற்றவாளி' என்று சொல்லவில்லை. 'விசாரிக்கத் தகுதியுடையோர் விசாரிக்கட்டும்' என்றே சொல்கிறார். ஐயம் தோன்றிய இடத்திலேயே இரகசியமாக ஆராய்ந்து முடிவு கட்டும் முறையில், குற்றவாளி தப்புவான். குற்றமற்றவனோ முறையான விடுதலை பெறாது வதந்தியின் கீழ் வாழ்நாளைக் கழிப்பான்.

கயிறு எங்கே தொங்குகிறது?

கன்றை இழந்த பசு அரண்மனை மணியை அசைத்த கதையை நாம் அனைவரும் அறிவோம். பெரியபுராணம் அதனைத் திருவாரூர்ச் சோழனுக்கு ஏற்றிக் கூறுகிறது. மகாவம்சமோ அநுராதபுரத்தில் அரசாண்ட எல்லாளனுக்கு ஏற்றிக் கூறுகிறது. அரசன் மகன் இறந்ததையே நாம் பெரிதாகப் பேசுகின்றோம். எனக்கோ வேறிரண்டு செய்திகள் பெரியனவாய்த் தோன்றுகின்றன. ஒன்று, சேக்கிழாரின் கதையில் அமைச்சர் கூறும் ஆலோசனை. நூல் விதித்த பரிகாரத்தைச் செய்துவிடலாம் என்கிறார் அவர். குற்றம் செய்தவன் அரசன் மகனாயிற்றே. அரண்மனைக்குள்ளேயே முடித்துவிட ஒரு வழி. அப்பரிகாரம் பசுவின் துயரைத் தீர்க்குமா என்று மன்னன் திருப்பிக் கேட்கிறான். 1982இன் அறிக்கையை வாசித்தோர் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.

மற்றொன்று, மணியின் அமைப்பு. மகாவம்சத்தின்படி அம்மணி எல்லாளனின் படுக்கைத் தலைமாட்டில் இருந்தது. அதன் நீண்ட கயிறோ முறையிட வருவோர் கைக்கு எட்டியது. ஓசை ஆள்வோன் காதில். கயிறு எளியோன் கையில். இடையில் வாயிற்காவலன் அனுமதி தேவையில்லை. நமது நாட்டிலும் அத்தகைய கயிறு இல்லாமலில்லை. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் அதுவே. அது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் விகாரைக்கும் தேவாலயத்துக்கும் பாடசாலைக்கும் பொதுவானது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுவன் முதலில் வாய்திறப்பது பெரும்பாலும் தாயிடமோ ஆசிரியரிடமோதான். அவன் முழுவதையும் ஒரேயடியாகச் சொல்லான்; பாதி சொல்லிக் கேட்பவர் முகத்தைப் பார்ப்பான். அவ்வேளையில் அவனைத் துருவித்துருவி விசாரணை செய்தல் நம் வேலையன்று. ஒருவரிடமும் சொல்லேன் என்று வாக்களித்தலும் தகாது. பொறுமையாகக் கேட்டு, கேட்டதை அவன் சொற்களிலேயே அன்றே எழுதிவைத்து, அதிபருக்குத் தெரிவிப்பதோடு நின்றுவிடாது, வெளியிலுள்ள உரிய அதிகாரிகளுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பதை நாமே உறுதிசெய்தல் வேண்டும். 'சொல்லிவிட்டேன்' என்பதற்கும் 'போய்ச் சேர்ந்தது' என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தில் ஓர் ஆயுட்காலம் கழிந்துவிடும் என்பதை ஸ்மைத்தின் கதை காட்டுகிறது.

சமய நிறுவனங்களின் பெருமை அவற்றில் குற்றமே நிகழாது என்பதில் இல்லை. மனிதர் கூடும் எவ்விடத்திலும் அது நிகழக்கூடும். நிகழ்ந்ததைச் சொல்ல வருபவனுக்கு அங்கே என்ன வரவேற்புக் கிடைக்கிறது என்பதைக் கொண்டே அவற்றை அளத்தல் வேண்டும். புலவாயோவில் அந்தச் சபைத் தலைவர்கள் பெற்ற இழப்பு யாது? முகாமொன்றின் நற்பெயர். இங்கிலாந்தில் அதனைக் காத்தவர்கள் 42 ஆண்டுகளின் பின் இழந்தது அதனினும் மிகப் பெரிது. அந்த இழப்பும், வதைபட்ட சிறுவர் இழந்ததன் முன் சிறிதே.